என்.ஜி.சி. ஸ்லாப்பிலிருந்து பி.சி.ஜி.எஸ். ஸ்லாப்புக்கு: ஃபிராங்க்ளின் அரை டாலரை மாற்றுவது எப்படி

நான் சேர்ப்பது ஃபிராங்க்ளின் அரை டாலர். 1948 முதல் 1963 வரை அமெரிக்காவில் அடித்த வெள்ளிக் காசு. புழக்கத்துக்கு விட்டவற்றில் ஆண்டுக்கும் நாணயச்சாலைக்கும் ஒன்றாக 35 காசு சேர்ந்தால் தொகுப்பு முழுமை. நியூ ஜெர்சியில் குடியேறிய பிறகு கண்காட்சிகளில் ஒவ்வொன்றாக வாங்கியதில் பாதி என்.ஜி.சி. ஸ்லாப்பிலும் மீதி பி.சி.ஜி.எஸ். ஸ்லாப்பிலும் இருந்தன. இரண்டும் காசுக்குத் தரம் போட்டு, மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தரும் அமெரிக்க நிறுவனங்கள். அந்தப் பெட்டிதான் ஸ்லாப். பி.சி.ஜி.எஸ். நடத்தும் தொகுப்புப் பட்டியலில் அவர்களே தரம் போட்ட காசுக்கு மட்டும்தான் இடம். அதனால் மாற்றத் தொடங்கினேன். இந்த வேலைக்குப் பெயர் கிராஸ்ஓவர்.

முறை எளிது. காசை உடைக்காமல், இருக்கிற ஸ்லாப்போடு அப்படியே அனுப்புகிறோம். பிளாஸ்டிக் வழியாகவே பார்த்து, நாம் கேட்ட தரம் தேறும் என்று பட்டால் மட்டும் உடைத்துத் தங்கள் ஸ்லாப்பில் போடுவார்கள். இல்லையென்றால் பழைய ஸ்லாப்பிலேயே திரும்பி வரும். தேறினாலும் தேறாவிட்டாலும் தரம் பார்க்கும் கட்டணம் உண்டு. தேறினால் காசின் மதிப்பில் 1 சதவீதம் மேற்கொண்டு கேட்பார்கள். அந்தத் தரத்துக்கு இனி அவர்கள் உத்தரவாதம் என்பதால் அந்தத் தொகை. போக வர அஞ்சல் செலவும் காப்பீடும் நம் தலையில். நேராக அனுப்ப அவர்களிடம் உறுப்பினராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அங்கீகாரம் பெற்ற வியாபாரி மூலம் அனுப்பலாம். இவ்வளவையும் கூட்டிப் பார்த்து, ஏலக் கூடங்களின் பழைய விற்பனைப் பதிவுகளில் அதே காசு, அதே தரம், இரண்டு ஸ்லாப்பிலும் என்ன விலைக்குப் போயிருக்கிறது என்று ஒப்பிடுங்கள். வித்தியாசம் செலவைத் தாண்டவில்லை, தொகுப்புக்கும் அவசியமில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

அடுத்தது காசைப் பார்ப்பது. இதற்குத்தான் நேரம் கொடுக்க வேண்டும். மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு ஒற்றை மேசை விளக்கின் கீழ், ஐந்து மடங்கு லென்ஸ் வைத்து, ஸ்லாப்பை மெல்லச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். ஃபிராங்க்ளின் கன்னத்திலும் தோள்பக்கத்திலும் உரசல், துடைத்த காசில் தெரியும் மயிரிழைக் கோடுகள், பி.வி.சி. உறையில் கிடந்ததால் ஒட்டிய பச்சைப் பிசுக்கு. இவற்றில் ஒன்று கண்ணில் பட்டாலும் அனுப்பாதீர்கள். நமக்குத் தெரிவது அவர்களுக்கும் தெரியும்.

பிறகு காசைத் திருப்பி மணியைப் பாருங்கள். பின்புறத்து விடுதலை மணியின் அடிப்பகுதியில் இரண்டு தொகுதியாக மெல்லிய கிடைக்கோடுகள் ஓடும். அவை அறுபடாமல் இருந்தால் தரத்தோடு எஃப்.பி.எல். (முழு மணிக்கோடுகள்) என்று சேரும், விலை ஏறும். 1953 சான் பிரான்சிஸ்கோ காசில் அப்படிக் கிடைப்பது மிக அபூர்வம். என்.ஜி.சி. மேல் தொகுதி, கீழ்த் தொகுதி இரண்டும் முழுதாக இருக்க வேண்டும் என்கிறது. பி.சி.ஜி.எஸ்.ஸுக்குக் கீழ்த் தொகுதி போதும். ஆகவே என்.ஜி.சி. வெறும் எம்.எஸ். 65 (எம்.எஸ். என்றால் புழங்காத காசு, 60 முதல் 70 வரை தர எண்) என்று போட்ட காசு அங்கே எம்.எஸ். 65 எஃப்.பி.எல். ஆக வாய்ப்பு உண்டு. என் 1950 டென்வர் காசை நான் தேர்ந்தெடுத்தது இதற்காகவே: கீழ்க்கோடுகள் சுத்தம், மேலே மட்டும் ஓர் இடத்தில் மங்கல். எதிர்த்திசையில் போகிறவர்கள் இதையே தலைகீழாகக் கணக்கிட வேண்டும்.

சில ஸ்லாப்புகளை மாற்றவே கூடாது. பி.சி.ஜி.எஸ். 1986இல் தொடங்கியபோது வந்த சிறிய 'ராட்லர்', என்.ஜி.சி. 1987இல் வெளியிட்ட கறுப்பு ஸ்லாப் போன்றவற்றைப் பெட்டிக்காகவே தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். தரம் போட்ட காசை மறுபடி பார்த்து ஒப்புதல் தரும் சி.ஏ.சி. நிறுவனத்தின் பச்சை அல்லது தங்க ஸ்டிக்கர் ஸ்லாப்பின் மேல் இருந்தால், ஸ்லாப் உடைந்ததும் அது போயிற்று. கண்ணைக் கவரும் காசுக்கு என்.ஜி.சி. தரும் நட்சத்திரக் குறி பி.சி.ஜி.எஸ்.ஸில் கிடையாது, அதையும் இழப்பீர்கள்.

அனுப்பும் முன் ஸ்லாப்பில் இருக்கும் சான்று எண்ணை என்.ஜி.சி. தளத்தில் போட்டு, அங்கே படம் இருந்தால் கையில் உள்ள காசோடு ஒப்பிடுங்கள். போலி ஸ்லாப்புகள் சந்தையில் உண்டு. இரண்டு பக்கமும் படம் எடுத்து வையுங்கள்.

படிவத்தில் கவனமாக நிரப்ப வேண்டிய கட்டம் ஒன்று: குறைந்தபட்சத் தரம். எம்.எஸ். 65 என்று எழுதினால் 64 என்று அவர்கள் நினைக்கும் காசை உடைக்க மாட்டார்கள். 'எந்தத் தரமானாலும்' என்று எழுதினால் உடைத்துவிடுவார்கள். பிறகு பழைய தரத்தைக் கேட்க முடியாது. தொகுப்பில் இடம் நிரம்பினால் போதும் என்கிற மலிவான காசுக்கு மட்டும் ஒரு படி கீழே எழுதுவேன். மற்றதற்கெல்லாம் இருக்கிற தரமே எல்லை. எஃப்.பி.எல். கிடைத்தால்தான் மாற்ற வேண்டும் என்றால் அதையும் சேர்த்தே எழுதுங்கள்.

ஸ்லாப்பைத் தனிப் பையில் போட்டு பபிள் ராப் சுற்றுங்கள். மேல் பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்தால் பார்ப்பவருக்கு அது காசின் கீறலாகத் தோன்றலாம். சின்னப் பெட்டி, அதைப் பெரிய பெட்டிக்குள். குலுக்கினால் சத்தம் வரக் கூடாது. வெளியே காசு என்று எங்கும் எழுத வேண்டாம். நான் அமெரிக்க அஞ்சலின் ரெஜிஸ்டர்ட் மெயிலில்தான் அனுப்புகிறேன். 50,000 டாலர் வரை காப்பீடு செய்யலாம். அதற்குப் பளபளப்பான பிளாஸ்டிக் டேப் ஒட்டினால் வாங்க மாட்டார்கள். ஒவ்வொரு இணைப்பின் மேலும் முத்திரை குத்துவார்கள், மை பிடிக்க வேண்டும். நனைத்து ஒட்டும் பழுப்புக் காகித டேப் வாங்கிக்கொள்ளுங்கள்.

தேறவில்லை என்று திரும்பி வந்தால், கட்டிங் பிளேயரால் ஸ்லாப்பின் ஓரத்தை உடைத்து வெறும் காசாக அனுப்பலாம் என்று பலர் சொல்வார்கள். பிளாஸ்டிக் வழியாகப் பார்க்கும்போது தரம் போடுபவர் இறுக்கமாகத்தான் இருப்பார் என்பது என் எண்ணமும். ஆனாலும் உடைத்த கணமே பழைய உத்தரவாதம் முடிந்துவிடும். புதிய இடத்தில் 'சுத்தம் செய்யப்பட்டது' என்று எழுதி, எண் தராமல் அனுப்பினால் விலை பாதியாகக் கூடக் குறையலாம். விலை உயர்ந்த காசை உடைக்காதீர்கள். ஒருமுறை தேறாததால் அது மோசமான காசு ஆகிவிடாது, என்.ஜி.சி. ஸ்லாப்பிலேயே மரியாதையாக இருக்கட்டும்.

தேறி வந்தால் பழைய சான்று எண் இனி உதவாது. வீட்டுக் காப்பீட்டுப் பட்டியலிலும் தொகுப்புப் பக்கத்திலும் புதிய எண்ணை அன்றைக்கே ஏற்றிவிடுங்கள்.