கையெழுத்து கோணும், கோபம் ஏறும்: வில்சன் நோயில் நடக்கும் தவறுகள்

பதினேழு வயதுப் பிள்ளை காரணமில்லாமல் எரிந்து விழுகிறான், மார்க் சரிகிறது, தனக்குத்தானே சிரிக்கிறான். காத்துக்கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப்போகிறார்கள். தெருவில் கஞ்சா என்கிறார்கள். செம்பு என்று யாருக்கும் தோன்றாது. ஏடிபி7பி என்ற மரபணு பழுதானால் ஈரலால் செம்பைப் பித்தத்தோடு வெளியேற்ற முடியாது. அது ஈரலிலும் மூளையிலும் தங்கும். இதுதான் வில்சன் நோய். 1912-இல் கின்னியர் வில்சன் இந்நோயை விவரித்தபோதே மனக்குறிகளையும் சேர்த்துத்தான் எழுதினார்.

முதல் தவறு, மனநல டாக்டரிடம் மனதைப் பற்றி மட்டும் பேசுவது. கையெழுத்து மாறியது, எச்சில் வடிவது, பேச்சு குழறுவது, கை நடுங்குவது, எப்போதோ வந்துபோன மஞ்சள் காமாலை, எல்லாம் சொல்லுங்கள். அப்பா அம்மா அத்தை மகன், மாமன் மகள் என்றால் அதையும் மறைக்க வேண்டாம். இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இந்நோய் வரும். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவில் கொடுத்த சீட்டை நரம்பியலிலும் ஈரல் பிரிவிலும் காட்டாமல் விடுவதும் இதே தவறின் இன்னொரு முகம். ஹாலோபெரிடால் என்ற மனநல மாத்திரை குறைந்த அளவிலேயே உடம்பு விறைத்தால் உடனே தெரிவியுங்கள், அது ஒரு துப்பு. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சோதனையில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். ரத்தத்தில் செம்பைச் சுமக்கும் புரதமான செருலோபிளாஸ்மின், டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் சந்தேகம். ஆனால் உடம்பில் அழற்சி இருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ நோய் இருந்தும் அளவு சரியாகக் காட்டும். அதனால் கண் டாக்டரின் ஸ்லிட் லாம்ப் என்ற உருப்பெருக்கிக் கருவியில் கண்ணைப் பார்த்து, கருவிழி ஓரத்தில் பழுப்பு வளையம் உண்டா என்று தேட வேண்டும். 24 மணி நேரச் சிறுநீரும் கொடுக்க வேண்டும். காலை முதல் சிறுநீரைக் கொட்டிவிட்டு நேரம் குறியுங்கள். மறுநாள் அதே நேரத்துச் சிறுநீர் வரை ஒரு சொட்டும் விடாமல் லேப் கொடுத்த பிளாஸ்டிக் கேனில் சேருங்கள். செம்பு, பித்தளைச் சொம்பில் பிடித்து ஊற்றினால் கணக்கு கெடும். செம்பு 100 மைக்ரோகிராமைத் தாண்டினால் நோய்க்கு வலுவான சான்று.

செம்பை வெளியேற்றும் பெனிசிலமின் போன்ற மருந்து வெறும் வயிற்றில்: சாப்பாட்டுக்கு 1 மணி நேரம் முன்பு அல்லது 2 மணி நேரம் பின்பு. பெனிசிலமின் தொடங்கிய புதிதில் நடுக்கம் கூடலாம். பயந்து விட்டுவிடாமல் டாக்டரைப் பாருங்கள். தெளிந்துவிட்டான் என்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து, ஈரல் செயலிழக்கும். உடம்புக்கு நல்லது என்று செம்புப் பானைத் தண்ணீர் வைக்கும் வீடுகள் உண்டு; இவனுக்கு வேண்டாம். ஆட்டு ஈரல், காசிமேட்டு நண்டு இரண்டையும் முதல் ஒரு வருடமாவது தள்ளிவையுங்கள்.

கூடப்பிறந்த ஒவ்வொருவருக்கும் நோய் இருக்க 4-இல் 1 வாய்ப்பு. குறி எதுவும் தெரியாவிட்டாலும் தம்பி, தங்கைக்கும் சோதனை எடுங்கள்.