பிட்காயின் நோடு: வீட்டில் அமைத்து, உங்கள் வாலட்டை அதோடு இணைப்பது வரை

மொபைலில் பிட்காயின் வாலட் வைத்திருக்கிறீர்கள், அதைத் திறந்தால் கணக்கில் இவ்வளவு இருக்கிறது என்று ஓர் எண் வருகிறது. அந்த எண்ணை வாலட் யாரிடம் கேட்டுச் சொல்கிறது? பெரும்பாலும் அந்த வாலட்டைச் செய்த நிறுவனத்தின் சர்வரிடம், இல்லையென்றால் முகம் தெரியாத யாரோ ஒருவர் நடத்தும் பொது சர்வரிடம். அந்த சர்வருக்கு உங்கள் முகவரிகள் தெரியும், உங்கள் ஐபி தெரியும், அது என்ன சொன்னாலும் வாலட் நம்பிக்கொள்ளும். நோடு அமைப்பது என்றால் அந்த இடத்தில் உங்களுடைய சொந்த சர்வரை உட்கார வைப்பது. அது 2009 ஜனவரி 3ஆம் தேதியின் முதல் பிளாக்கிலிருந்து (பிளாக் என்பது பரிவர்த்தனைகளின் ஒரு தொகுப்பு) இன்றைய பிளாக் வரை முழுப் பேரேட்டையும் இறக்கி, ஒவ்வொரு பரிவர்த்தனையையும் தானே சரிபார்க்கும்.

இதற்குக் காசு வராது. புது பிளாக்குகளை உருவாக்கிக் காயின் சம்பாதிக்கும் மைனிங் வேறு, நோடு வேறு. ஆனால் விதிகளைக் காப்பது நோடுகள்தான். 2017ல் செக்விட் என்ற விதி மாற்றத்தை மைனர்கள் இழுத்தடித்தபோது, ஆகஸ்ட் 1 முதல் செக்விட்டுக்கு ஆதரவு காட்டாத பிளாக்குகளை ஏற்கமாட்டோம் என்று சாதாரணப் பயனர்கள் தங்கள் நோடுகளை மாற்றி அமைத்தார்கள். அந்தத் தேதிக்கு முன்பே மைனர்கள் வழிக்கு வந்தார்கள், அதே மாதம் செக்விட் அமலுக்கு வந்தது. 2 கோடியே 10 லட்சம் காயின்தான் என்ற உச்சவரம்பும் இப்படித்தான் நிற்கிறது. அதை மீறும் பிளாக்கை உங்கள் நோடு வாங்காது, அவ்வளவுதான்.

ஒரு விஷயம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோடு ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் போதாது. உங்கள் வாலட் அதனிடம் கேட்க வேண்டும். வாலட்டை இணைக்காமல் விட்ட நோடு உங்களுக்காக எதையும் சரிபார்ப்பதில்லை. அதனால் கடைசிப் படி வரை வாருங்கள்.

என்ன மெஷின் வேண்டும்

பழைய லேப்டாப், செகண்ட் ஹேண்டில் கிடைக்கும் சின்ன மினி பிசி, ராஸ்ப்பெர்ரி பை 4 அல்லது 5, எதுவும் சரி. ரேம் 8 ஜிபி இருந்தால் நிம்மதி. ராஸ்ப்பெர்ரி பையைவிடப் பழைய மினி பிசியைத்தான் நான் பரிந்துரைப்பேன். எஸ்எஸ்டியை உள்ளேயே மாட்டலாம், யூஎஸ்பி கேபிளில் தொங்கும் டிஸ்க் அடிக்கடி துண்டிக்கப்படும் தலைவலி கிடையாது.

டிஸ்க்கில் சிக்கனம் பார்க்காதீர்கள். பேரேடு மட்டுமே 650 ஜிபியைத் தாண்டிவிட்டது. பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக் என்ற கணக்கில் வருடத்துக்கு 80, 90 ஜிபி கூடிக்கொண்டே போகும். 1 டிபி இன்றைக்குப் போதும், 2 டிபி வாங்கினால் பல வருடத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம். ஆனால் எஸ்எஸ்டியாகத்தான் இருக்க வேண்டும். செலவழிக்கப்படாத காயின்களின் பட்டியலை நோடு ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் திறந்து பார்க்கும், அந்தப் பட்டியலே 10 ஜிபிக்கு மேல் இருக்கிறது, சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் இந்தத் தேடல் ஆமை வேகத்தில் நடக்கும்.

இடம் இல்லையா? ப்ரூன் முறை இருக்கிறது. எல்லா பிளாக்கையும் இறக்கிச் சரிபார்த்துவிட்டுப் பழையதை அழித்துக்கொண்டே போகும். சரிபார்ப்பில் எந்தக் குறையும் இல்லை, இதுவும் முழு நோடுதான். பழைய பரிவர்த்தனைகள் உள்ள வாலட்டை அப்புறம் சேர்க்க நினைத்தால்தான் சிக்கல், அழித்த பிளாக்குகளை மறுபடி முதலிலிருந்து இறக்க வேண்டிவரும்.

அப்புறம் ஒரு யூபிஎஸ். கரண்ட் பட்டென்று போனால் மேலே சொன்ன காயின் பட்டியல் கெட்டுப்போக வாய்ப்பு இருக்கிறது, கெட்டால் அதைப் பிளாக்குகளிலிருந்து திரும்பக் கட்ட மணிக்கணக்கில், சில மெஷின்களில் நாள்கணக்கில் ஆகும். லேப்டாப் என்றால் அதன் பேட்டரியே போதும்.

இறக்குவதும் சரிபார்ப்பதும்

ஆபரேட்டிங் சிஸ்டமாக டெபியன் அல்லது உபுண்டு சர்வர் போடுங்கள். அம்ப்ரெல் மாதிரி எல்லாம் தயாராக வரும் தொகுப்புகளும் உண்டு, நேரமே இல்லாதவர்களுக்கு அவை பரவாயில்லை, ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள நேரடியாகப் போடுவதே நல்லது, அது ஒன்றும் மலை இல்லை.

நோடாக ஓடப்போகும் பிட்காயின் கோர் மென்பொருளை அதன் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். மூன்று கோப்புகள் வேண்டும்: மென்பொருள், ஹாஷ் (கோப்பின் கைரேகை போன்ற எண்) பட்டியல், அந்தப் பட்டியலுக்கான டிஜிட்டல் கையெழுத்துக் கோப்பு. முதலில் ஷா256சம் கட்டளையால் மென்பொருளின் ஹாஷ் பட்டியலில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். மென்பொருளை மாற்றி வைக்கத் தெரிந்தவனுக்குப் பட்டியலை மாற்றி வைக்கவும் தெரியும், அதனால் ஜிபிஜி கட்டளையால் கையெழுத்தையும் பார்த்தே ஆக வேண்டும். பிட்காயின் கோருக்குப் பலர் தனித்தனியாகத் தங்கள் மெஷினில் மென்பொருளைக் கட்டமைத்து, வந்த ஹாஷ் ஒன்றேதான் என்று கையெழுத்துப் போடுகிறார்கள். அவர்களின் பொதுச் சாவிகள் கிட்ஹப்பில் அதற்கென்று உள்ள களஞ்சியத்தில் இருக்கின்றன. நான்கைந்து பேருடையதை இறக்கிக்கொள்ளுங்கள். 'குட் சிக்னேச்சர்' என்று வந்தால் சரி. கூடவே இந்தச் சாவி உங்களால் நம்பிக்கை அளிக்கப்படாதது என்று ஓர் எச்சரிக்கையும் வரும், அதற்குப் பயப்பட வேண்டாம், நீங்கள் அந்தச் சாவியில் கையெழுத்திடவில்லை என்பதுதான் அதற்குப் பொருள்.

நோடுக்கென்று தனி லினக்ஸ் பயனர் ஒருவரை உருவாக்குங்கள், ரூட்டில் ஓட்டாதீர்கள். பின்னணியில் ஓடும் நிரலின் பெயர் பிட்காயின்டி. அதை சிஸ்டம்டி சர்வீஸாகப் போட்டுவிட்டால் மெஷின் ரீஸ்டார்ட் ஆனாலும் தானே எழுந்துகொள்ளும். மாதிரி சர்வீஸ் கோப்பு மூல நிரலோடு கிடைக்கிறது. அதில் நிறுத்துவதற்கான அவகாசம் 600 வினாடி என்று இருக்கும், குறைக்காதீர்கள். மூடும்போது நினைவகத்தில் உள்ளதையெல்லாம் டிஸ்க்கில் எழுதி முடிக்க நோடுக்குச் சில நிமிடம் பிடிக்கலாம், அதற்குள் சிஸ்டம் அதைக் கொன்றுவிட்டால் கரண்ட் போனதற்குச் சமம்.

கான்ஃப் கோப்பு

எல்லா அமைப்பும் பிட்காயின் டாட் கான்ஃப் என்ற ஒரே கோப்பில்தான். இயல்பாக அது நோடின் டேட்டா டைரக்டரியில் இருக்கும், மேலே சொன்ன மாதிரி சர்வீஸ் கோப்பில் மட்டும் அதன் இடம் /etc/bitcoin டைரக்டரி என்று இருக்கும். கீழே வரும் பெயர்களைத் தமிழில் எழுதியிருக்கிறேன், கோப்பில் அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில், நடுவே இடைவெளி விடாமல், சமக்குறி போட்டு மதிப்பைத் தாருங்கள்.

சர்வர் = 1. வாலட்டும் மற்ற நிரல்களும் நோடோடு பேச இது வேண்டும்.

டிபிகேஷ். முதல் ஒத்திசைவின் வேகத்தை இதுதான் தீர்மானிக்கிறது. காயின் பட்டியலில் எவ்வளவை ரேமில் வைத்துக்கொள்ளலாம் என்பதை மெபிபைட்டில் சொல்கிறது. வெகுகாலமாக இயல்பு மதிப்பு 450. 8 ஜிபி ரேம் இருந்தால் முதல் ஒத்திசைவுக்கு மட்டும் 4000 கொடுங்கள், முடிந்ததும் அந்த வரியை எடுத்துவிடுங்கள், அன்றாட ஓட்டத்துக்கு அவ்வளவு தேவையில்லை.

ப்ரூன். இடம் குறைவாக உள்ளவர்களுக்கு மட்டும். குறைந்தபட்சம் 550, ஆனால் 50000 மாதிரி கொஞ்சம் தாராளமாகக் கொடுத்தால் சமீபத்திய ஒரு வருடத்தின் அரைவாசிக்கு மேலாவது கையில் இருக்கும்.

டிஎக்ஸ்இண்டெக்ஸ். எந்தப் பரிவர்த்தனையையும் அதன் அடையாள எண்ணால் தேட உதவும் அட்டவணை. கூடுதலாகப் பல பத்து ஜிபி எடுக்கும், ப்ரூனோடு சேராது. வாலட்டுக்கு மட்டும் நோடு வைப்பவர்களுக்கு இது வேண்டாம்.

மேக்ஸ்அப்லோடுடார்கெட். உங்கள் பிராட்பேண்ட் திட்டத்தில் மாத வரம்பு இருந்தால் இதைப் போடுங்கள். வெளியிலிருந்து இணைபவர்களுக்குப் பழைய பிளாக்குகளைக் கொடுப்பதிலேயே மாதம் நூற்றுக்கணக்கான ஜிபி போய்விடும். 5000 என்று கொடுத்தால் 24 மணி நேரத்துக்குச் சுமார் 5 ஜிபியோடு நிறுத்தப் பார்க்கும்.

டிசேபிள்வாலட் என்று ஒன்று உண்டு. நோடுக்குள் வாலட் எதற்கு என்று சில வழிகாட்டிகள் அதை 1 ஆக்கச் சொல்லும். ஸ்பாரோ என்ற டெஸ்க்டாப் வாலட்டை நேரடியாக பிட்காயின் கோரோடு இணைக்கப் போகிறீர்கள் என்றால் அதைத் தொடாதீர்கள், உங்கள் முகவரிகளைக் கண்காணிக்க ஸ்பாரோ அந்த வசதியைத்தான் பயன்படுத்துகிறது. ரகசியச் சாவி நோடுக்குப் போகாது, பொதுச் சாவி மட்டும்தான் போகும்.

இனி சர்வீஸைத் தொடங்குங்கள். எஸ்எஸ்டி உள்ள நல்ல மெஷினில் ஒன்றிரண்டு நாள், ராஸ்ப்பெர்ரி பை 4ல் பல நாள் ஆகும். பிட்காயின்-சிஎல்ஐ என்ற கட்டளையோடு கெட்பிளாக்செயின்இன்ஃபோ என்று கேட்டால் எந்த பிளாக் வரை வந்திருக்கிறது, எவ்வளவு மிச்சம் என்று சொல்லும். ஆரம்ப வருடங்களின் பிளாக்குகள் சிறியவை, மளமளவென்று ஓடும், போகப் போக வேகம் குறையும். அது பழுது இல்லை.

இந்த இடத்தில் ஒரு நுணுக்கம். மென்பொருளோடு வரும் ஒரு குறிப்பிட்ட பிளாக்குக்கு முந்தையவற்றில் கையெழுத்துச் சரிபார்ப்பை மட்டும் நோடு இயல்பாகத் தாண்டிவிடும். தொகைகள், இரட்டைச் செலவு, புதிதாக உருவான காயின்களின் அளவு எல்லாவற்றையும் அப்போதும் பார்க்கும். கையெழுத்தையும் விடக்கூடாது என்று நினைத்தால் அஸ்யூம்வேலிட் = 0 என்று போடுங்கள், நேரம் கூடும். கையில் நல்ல ப்ராசசர் இருந்தால் நான் அதைத்தான் செய்யச் சொல்வேன்.

மெஷினின் கடிகாரமும் சரியாக இருக்க வேண்டும். உங்கள் கடிகாரத்தைவிட 2 மணி நேரத்துக்கு மேல் முன்னால் போகும் நேரமுத்திரை கொண்ட பிளாக்கை நோடு ஏற்காது, ஆக கடிகாரம் பின்தங்கிவிட்டால் நல்ல பிளாக்கையே நிராகரித்துவிட்டு நிற்கும். ராஸ்ப்பெர்ரி பை 4ல் கடிகார பேட்டரி கிடையாது, இணைய நேர ஒத்திசைவு இயங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

நெட்வொர்க்

நோடு தானாகவே வெளியே 10 நோடுகளோடு இணைந்துகொள்ளும். சரிபார்ப்புக்கு அதுவே போதும். மற்றவர்களும் உங்களோடு இணைய வேண்டும் என்றால் ரௌட்டரில் 8333 போர்ட்டைத் திறந்துவிட வேண்டும். ஆனால் இங்கே பல பிராட்பேண்ட் நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான வீடுகளை ஒரே பொது ஐபிக்குப் பின்னால் வைத்திருக்கின்றன, அப்படி இருந்தால் ரௌட்டரில் என்ன திறந்தாலும் பயனில்லை. அதற்கு, ஐபியை மறைத்து இணைக்கும் டார் நெட்வொர்க் நல்ல வழி. டார் நிறுவி, அதன் கட்டுப்பாட்டு போர்ட்டான 9051ஐ இயக்கி, நோடின் பயனரை டார் குழுவில் சேர்த்தால் போதும், பிட்காயின் கோர் தானே டாருக்குள் மட்டும் இயங்கும் ஓர் ஆனியன் முகவரியை உருவாக்கிக்கொள்ளும். ப்ராக்ஸி வரியில் 127.0.0.1:9050 கொடுத்தால் வெளியே போகும் இணைப்புகளும் டார் வழியாகவே போகும், அந்த நோடுகளுக்கு உங்கள் வீட்டு ஐபி தெரியாது, ஆனால் கூடவே லிசன் = 1 என்றும் போடுங்கள், இல்லையென்றால் ப்ராக்ஸி போட்டதும் உள்வரும் இணைப்புகளும் ஆனியன் முகவரியும் இயல்பாக நின்றுவிடும்.

8332 போர்ட்டை மட்டும் எக்காரணம் கொண்டும் இணையத்துக்குத் திறக்காதீர்கள். அது நோடைக் கட்டுப்படுத்தும் வாசல், அதில் போகும் பாஸ்வேர்ட் குறியாக்கம் இல்லாமல் போகிறது. ஃபயர்வாலில் எஸ்எஸ்எச்சையும் (வேறு மெஷினிலிருந்து நோடுக்குள் நுழையும் வழி) 8333ஐயும் மட்டும் அனுமதியுங்கள், எஸ்எஸ்எச்சை அனுமதித்த பிறகுதான் ஃபயர்வாலை இயக்க வேண்டும், இல்லையென்றால் மானிட்டரும் கீபோர்டும் தேட வேண்டியிருக்கும்.

வாலட்டை இணைப்பது

ஸ்பாரோ உங்கள் லேப்டாப்பில், நோடு வேறு மெஷினில் என்று வைத்துக்கொள்வோம். வீட்டு நெட்வொர்க் முழுவதற்கும் 8332ஐத் திறந்துவிடும் முறை ஒன்று உண்டு, எனக்கு அது பிடிக்காது, வீட்டில் உள்ள டிவியும் கேமராவும்கூட அந்த வாசலைத் தட்டலாம். எஸ்எஸ்எச் டனல் போடுங்கள். லேப்டாப்பின் 8332 போர்ட்டை நோடின் 127.0.0.1:8332க்கு இணைத்துவிட்டால், நோடு அதே லேப்டாப்பில் இருப்பதாகவே ஸ்பாரோ நினைத்துக்கொள்ளும், கான்ஃப் கோப்பில் எதையும் தளர்த்த வேண்டியதில்லை. பயனர்பெயர், பாஸ்வேர்டுக்கு மென்பொருள் தொகுப்பிலேயே ஆர்பிசிஆத் என்ற சின்ன ஸ்கிரிப்ட் இருக்கிறது. அது தரும் வரியைக் கான்ஃப் கோப்பில் ஒட்டுங்கள், பாஸ்வேர்ட் அந்தக் கோப்பில் வெளிப்படையாக இருக்காது.

ஸ்பாரோவில் சர்வர் அமைப்புக்குப் போய் பிட்காயின் கோர் என்பதைத் தேர்ந்தெடுத்து, விவரங்களைக் கொடுத்துச் சோதியுங்கள். ஏற்கெனவே உள்ள வாலட் என்றால் அது தொடங்கிய தேதியைச் சரியாகக் கொடுங்கள், அங்கிருந்துதான் நோடு பழைய பிளாக்குகளைத் தேடும். ஜன்னலின் கீழே வலது மூலையில் ஒரு பொத்தான் இருக்கும். மஞ்சளாக இருந்தால் இன்னமும் பொது சர்வர், பச்சையானால் உங்கள் நோடு.

மொபைல் வாலட்டையும் இணைக்க வேண்டும் என்றால் அந்த வாலட்டுகள் பேசும் எலக்ட்ரம் சர்வர் ஒன்றைக் கூடவே ஓட்ட வேண்டும். அந்த வகையில் எலக்டர்ஸ் என்ற மென்பொருள் இலேசானது, ஆனால் ப்ரூன் செய்த நோடோடு வேலை செய்யாது.

பராமரிப்பு அதிகம் இல்லை. பிட்காயின் கோர் தானாக அப்டேட் ஆகாது, அது வேண்டுமென்றே அப்படி: உங்கள் நோடில் எந்த விதி ஓடுகிறது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்காக அப்படியே விட்டுவிடவும் கூடாது. 2018 செப்டம்பரில் 0.16.3 பதிப்பு வந்தபோது, இல்லாத காயினை உருவாக்க வழிவிடக்கூடிய ஒரு பிழையை அது அடைத்தது. சுமார் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெரிய பதிப்பு வரும், மாற்றக் குறிப்புகளைப் படித்துவிட்டு, ஹாஷையும் கையெழுத்தையும் மறுபடி சரிபார்த்து, சர்வீஸை நிறுத்திப் பழைய நிரல்களின் இடத்தில் புதியதை வைத்துத் தொடங்குங்கள். பேரேட்டை மறுபடி இறக்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்தே தொடரும்.