வலி மாத்திரைப் போதையிலிருந்து மீள்வது எப்படி: குடும்பத்தினருக்கான சிகிச்சை வழிகாட்டி

அபின் வகைப் போதை என்றதும் ஹெராயினும் பிரவுன் சுகரும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் தமிழ்நாட்டில் இன்று மனநல மருத்துவர்களிடம் வரும் இளைஞர்கள் பலர் சிக்கியிருப்பது டாபென்டடால் போன்ற வலி மாத்திரைகளில்தான். கடும் வலிக்காக மருத்துவரின் சீட்டின் பேரில் மட்டுமே தரப்பட வேண்டிய இம்மாத்திரைகள் கள்ளச் சந்தையில் விற்கப்பட்டு, கரைக்கப்பட்டு, ஊசி மூலம் நரம்பில் ஏற்றப்படுகின்றன. எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019-இல் வெளியான தேசிய ஆய்வு, இந்தியாவில் சுமார் 2.26 கோடிப் பேர் அபின் வகைப் பொருள்களைப் பயன்படுத்துவதாகவும், அவர்களில் ஏறத்தாழ 77 லட்சம் பேருக்கு உதவி தேவைப்படுவதாகவும் மதிப்பிட்டது. குடியைப் போல வாயில் வாடை வராது என்பதால், பெரும்பாலான வீடுகளில் விஷயம் தெரியவரும்போது பழக்கம் முற்றியிருக்கும்.

மார்பின், கோடீன், ட்ரமடால், டாபென்டடால், ஹெராயின் ஆகிய அனைத்தும் மூளையில் உள்ள ஒரே வகை ஏற்பிகளில் (மருந்து வந்து பொருந்தும் இடங்களில்) சென்று ஒட்டிக்கொள்கின்றன. அதனால் வலி அடங்குகிறது, மனத்தில் ஒரு சுகம் பரவுகிறது, மூச்சின் வேகமும் குறைகிறது. தொடர்ந்து எடுத்துக்கொள்ளும்போது மூளை அதற்குப் பழகி, அதே சுகத்துக்கு மேலும் மேலும் மருந்து கேட்கும். சில மாதங்களில், சுகத்துக்காக என்ற நிலை மாறி, எடுக்காவிட்டால் வரும் வேதனையைத் தவிர்ப்பதற்காகவே எடுக்க வேண்டியிருக்கும். இதில் ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது: புற்றுநோய் வலிக்காக மருத்துவர் மேற்பார்வையில் மார்பின் எடுப்பவரின் உடலும் மருந்துக்குப் பழகும், ஆனால் அவர் போதைக்கு அடிமையானவர் அல்லர். இந்தக் குழப்பத்தால் கடைசி நாள்களில் இருக்கும் நோயாளிக்கு மார்பின் வேண்டாம் என்று மறுக்கும் உறவினர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பது வேதனையானது.

அடையாளம் காண்பதும் பேசுவதும்

மருந்து உடலில் இருக்கும்போது கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருக்கும், உட்கார்ந்தபடியே தலை சாயும், உடம்பு அரிக்கும், மலச்சிக்கல் இருக்கும். மருந்து இறங்கியதும் இதற்கு நேர்மாறாக, கண்மணி விரிந்து, ஓயாத கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்செறிதல், கை கால் உளைச்சல், வயிற்றுப்போக்கு ஆகியவை வரும். வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டை அணிவது, குளியலறையில் நெடுநேரம் இருப்பது, பையில் காலி மாத்திரை அட்டையோ சிரிஞ்சோ கிடைப்பது ஆகியவையும் கவனிக்க வேண்டியவை.

போதையில் இருக்கும்போதோ, மருந்து கிடைக்காமல் துடிக்கும்போதோ பேச்சைத் தொடங்க வேண்டாம். இரண்டுக்கும் இடைப்பட்ட நிதானமான வேளையில், ஏன் செய்தாய் என்று கேட்பதை விட, என்ன மாத்திரை, ஒரு நாளைக்கு எத்தனை, கடைசியாக எப்போது, ஊசியாகவா, கூடவே மது அல்லது தூக்க மாத்திரை உண்டா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கிடைத்த காலி அட்டைகளைக் கோபத்தில் எரித்துவிடாமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். முதல் நாள் சிகிச்சையின் அளவே அந்தத் தகவலைப் பொறுத்துத்தான் முடிவாகும்.

அறையில் பூட்டிவைப்பது சிகிச்சை ஆகாது

ஹெராயின் போன்ற குறுகிய நேரம் செயல்படும் பொருளை நிறுத்தினால், 8 முதல் 12 மணி நேரத்தில் விலகல் அறிகுறிகள் (மருந்து இறங்கியதும் வரும் உடல் வேதனைகள்) தொடங்கி, இரண்டு மூன்று நாள்களில் உச்சம் அடைந்து, ஒரு வாரத்தில் பெரும்பாலும் தணியும். இதைப் பார்த்துத்தான், ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அபின் விலகலால் மட்டும் உயிர் போவது அரிது என்பது உண்மையே. வாந்தி, வயிற்றுப்போக்கால் நீரிழப்பு ஏற்படாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் கூடவே மதுவோ, அல்பிரசோலம், நைட்ரசிபாம் போன்ற தூக்க மாத்திரைகளோ சேர்ந்திருந்தால் திடீர் நிறுத்தம் வலிப்பை உண்டாக்கி உயிருக்கே ஆபத்தாகலாம். கர்ப்பிணிகளும் தாமாக நிறுத்தக் கூடாது. அவர்களுக்குப் போதைக்கு மாற்றான புப்ரெனார்ஃபின் அல்லது மெத்தடோன் மருந்தைத் தருவதே கருவுக்கும் பாதுகாப்பானது.

உண்மையான ஆபத்து அந்த ஒரு வாரத்துக்குப் பிறகுதான் வருகிறது. மருந்தைத் தாங்கும் சக்தி உடலில் குறைந்துவிட, ஏக்கம் மட்டும் அப்படியே இருக்கும். போதை மீட்பு மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வெளியே வந்தவர் பழைய அளவையே மீண்டும் எடுக்கும்போது மூச்சு நின்றுபோகிறது. உடலைச் சுத்தப்படுத்துவதோடு சிகிச்சையை முடித்து வீட்டுக்கு அனுப்பும் மையம், நோயாளியை முன்பை விட ஆபத்தான நிலையில் அனுப்புகிறது என்பதே என் கருத்து.

மருந்துகள் எப்படி வேலை செய்கின்றன

இன்று உலக அளவில் முதன்மையாகப் பரிந்துரைக்கப்படுவது, புப்ரெனார்ஃபின் அல்லது மெத்தடோனைத் தொடர்ந்து தரும் பராமரிப்புச் சிகிச்சை. 1965-இல் நியூயார்க்கில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் ஆகியோர் மெத்தடோனை இவ்வாறு பயன்படுத்திய முடிவுகளை வெளியிட்டனர். 2005-இல் இரண்டு மருந்துகளும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம்பெற்றன. சிகிச்சையில் தொடர்பவர்களின் இறப்பு ஆபத்து, தொடராதவர்களோடு ஒப்பிடும்போது ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது.

புப்ரெனார்ஃபின் அதே ஏற்பியில் இறுக்கமாக ஒட்டிக்கொண்டாலும் அதை ஓரளவுக்கு மட்டுமே தூண்டுகிறது. எனவே ஏக்கமும் உடல் வேதனையும் அடங்குகின்றன. மூச்சு ஒடுங்கும் ஆபத்து குறைவு. மேலே வேறு போதையை எடுத்தாலும் அது பெரிதாக ஏறாது. முதல் மாத்திரையை எப்போது தருவது என்பதில் மிகுந்த கவனம் வேண்டும். கடைசியாகப் போதை எடுத்து 12 மணி நேரமாவது கடந்து, விலகல் அறிகுறிகள் வெளிப்படையாகத் தெரிந்த பின்னரே தர வேண்டும். முந்திக்கொண்டு தந்தால் ஏற்பியில் இருப்பதை இது தள்ளிவிட்டுக் கடும் வேதனையை ஒரே நேரத்தில் கிளப்பிவிடும். பிள்ளை துடிக்கும்போது மருத்துவர் காத்திருக்கச் சொல்வதன் காரணம் இதுவே.

இதை விழுங்கக் கூடாது. சிகிச்சை மையத்தில் செவிலியர் மாத்திரையைப் பொடித்து நாக்கின் அடியில் வைப்பார். அது முழுதும் கரையும் வரை பேசாமல், எச்சிலை விழுங்காமல், பத்து நிமிடம் போல உட்கார்ந்திருக்க வேண்டும். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்த பிறகே அனுப்புவார். வாய் வறண்டிருந்தால் முன்னதாக ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கலாம். கரைந்த பின் வாய் கொப்பளித்து, ஒரு மணி நேரம் கழித்துப் பல் துலக்கினால் பற்கள் கெடாமல் இருக்கும். அளவு போதாமல் இருந்தால் ஏக்கம் அடங்காது. அதை நோயாளியின் மன உறுதிக் குறைவு என்று முடிவு கட்டாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மெத்தடோன் திரவமாகத் தரப்படுவது. அதிக அளவில் ஆபத்தானது என்பதால் கண்காணிப்பு கூடுதலாகத் தேவை. நால்ட்ரெக்ஸோன் இவ்விரண்டுக்கும் மாறானது: ஏற்பியை அடைத்துவிடும், ஏக்கத்தைத் தணிக்காது, 7 முதல் 10 நாள்கள் அபின் வகை எதுவும் எடுக்காதவருக்கே தொடங்க முடியும். தினமும் மாத்திரையைக் கையில் எடுத்துக் கொடுக்க ஆள் இருக்கும், உறுதியான ஊக்கமுள்ள நோயாளிக்கு அது பொருந்தும். ஆலோசனையும் குடும்பச் சந்திப்பும் எந்த மருந்தோடும் சேர வேண்டியவை.

ஒரு போதைக்குப் பதில் இன்னொன்றா என்ற கேள்வியை எல்லாப் பெற்றோரும் கேட்கிறார்கள். வேலைக்குப் போய், உறங்கி, உண்டு, ஊசியைத் தொடாமல் வாழ்பவர் மருந்து எடுக்கிறார் என்பதற்காக அவரை அடிமை என்று சொல்வது சரியன்று. பல மாதங்களுக்கு, தேவைப்பட்டால் ஆண்டுக்கணக்கில் தொடரலாம். நிறுத்துவதானால் மருத்துவரோடு பேசி மெதுவாகக் குறைக்க வேண்டும்.

எங்கே போவது

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு முதல் படி. ஊசி வழியே எடுப்பவர்களுக்குத் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் ஓஎஸ்டி (போதைக்கு மாற்று மருந்து தரும்) மையங்களில் மருந்து இலவசம். அவர்கள் அருகிலுள்ள நம்பிக்கை மையத்தில் எச்ஐவி பரிசோதனையும், அரசு மருத்துவமனையில் ஹெபடைடிஸ் சி பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். இரண்டுக்கும் அரசுச் சிகிச்சை இலவசமாகவே உண்டு. எங்கே செல்வது என்று தெரியாவிட்டால் 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணையோ, 14416 என்ற டெலி மானஸ் எண்ணையோ அழைக்கலாம்.

தனியார் மையமானால் உரிமம் உள்ளதா, மனநல மருத்துவர் வருகிறாரா, புப்ரெனார்ஃபின் தருகிறார்களா, குடும்பத்தினர் பார்க்க அனுமதி உண்டா என்று கேளுங்கள். அடித்துத் திருத்துவோம் என்பவரிடம் ஒப்படைக்காதீர்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 95-ஆம் பிரிவு சங்கிலியால் கட்டுவதையே தடை செய்கிறது. போலீஸ் வழக்கு வருமோ என்று அஞ்சித் தள்ளிப்போடவும் வேண்டாம். போதைப் பொருளை உட்கொண்டதற்காகவோ சிறிய அளவு தொடர்பான குற்றத்துக்காகவோ வழக்கு இருந்தாலும், தாமாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சையை முழுமையாகப் பெறுபவருக்கு, போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு அவ்வழக்கிலிருந்து பாதுகாப்பு அளிக்கிறது.

மூச்சு ஒடுங்கினால்

எழுப்பினாலும் எழாமல், கண்மணி சுருங்கி, உதடு நீலம் பாரித்து, குறட்டை போன்ற ஒலியுடன் மூச்சு விட்டுவிட்டு வந்தால், தூங்கட்டும் என்று விடாதீர்கள். 108-ஐ அழைத்து, என்ன எடுத்தார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து அருகிலேயே இருங்கள். மூச்சு நின்றால், முறை தெரிந்தவர் செயற்கைச் சுவாசமும் நெஞ்சழுத்தமும் கொடுக்க வேண்டும். தலையில் தண்ணீர் ஊற்றுவதும் வாயில் மோரோ உப்புநீரோ புகட்டுவதும் புரையேறச் செய்யும். மருத்துவமனையில் தரும் நலாக்ஸோன் ஊசி சில நிமிடங்களில் ஆளை எழுப்பிவிடும். ஆனால் அதன் வேலை 30 முதல் 90 நிமிடங்களில் முடிந்துவிடலாம். உடலில் எஞ்சியிருக்கும் மாத்திரை அதன் பிறகும் மூச்சை நிறுத்தக்கூடும் என்பதால், எழுந்து உட்கார்ந்து வீட்டுக்குப் போகலாம் என்று அவர் அடம்பிடித்தாலும், மருத்துவர் சொல்லும் வரை அங்கேயே இருக்கச் செய்யுங்கள்.