மாடல் வாயை மூடினால்: தணிக்கையா, மொழித் தடுமாற்றமா?

பாம்பன் வீட்டில், 16 ஜிபி ராம் உள்ள லேப்டாப்பில் ஓலாமா (ஏஐ மாடல்களைச் சொந்தக் கணினியிலேயே ஓட்டும் மென்பொருள்) போட்டு, சீனாவில் உருவான ஏஐ மொழி மாடல் ஒன்றை ஓட்டினேன். அதற்குள் 8 பில்லியன் எண்கள்; அது கற்றதெல்லாம் அவற்றில்தான். இடம் மிச்சமாக ஒவ்வொரு எண்ணையும் சுமார் 4 பிட்டுக்குச் சுருக்கிய கோப்பு, சுமார் 5 ஜிபி. இறக்கியபின் நெட்டே வேண்டாம். புயல் மழையில் டவர் படுத்துவிடும் எங்கள் பக்கத்துக்கு அது பெரிய விஷயம்.

1974 கச்சத்தீவு ஒப்பந்தம் பற்றித் தமிழில் கேட்டேன். உளறியது. 1989-ல் பெய்ஜிங்கின் தியானன்மென் சதுக்கப் போராட்டத்தைச் சீன ராணுவம் ஒடுக்கியது பற்றிக் கேட்டேன். பேச முடியாது என்று ஒரே வரி. இரண்டையும் தணிக்கை என்று குறித்துக்கொண்டேன். அவசரப்பட்டுவிட்டேன்.

பதில் ஒவ்வொரு முறையும் மாறாமல் இருக்க, டெம்பரேச்சர் என்ற அமைப்பை 0 ஆக்கி, ஒவ்வொரு கேள்விக்கும் புது உரையாடல் திறந்தேன். முந்தைய மறுப்பு கூடவே இருந்தால் அடுத்த பதிலையும் கெடுக்கும். அதே கேள்விகளை ஆங்கிலத்திலும் கேட்டேன். கச்சத்தீவுக்கு இந்திரா காந்தி, சிறிமாவோ பண்டாரநாயக்க என்று சரியாகவே வந்தது. தணிக்கைக்கு வேலையே இல்லாத, 1964 புயலில் தனுஷ்கோடி அழிந்ததைத் தமிழில் கேட்டால் அதிலும் உளறல். ஆக, கச்சத்தீவு உளறல் தணிக்கை அல்ல, மாடலின் தமிழ் போதாமை.

தியானன்மென்னுக்கோ ஆங்கிலத்திலும் அதே மறுப்பு. உற்றுப் பார்த்தால், பதிலுக்கு முன் மாடல் யோசிப்பதை எழுதிக்காட்டும் சிந்தனைப் பகுதி வெறுமையாகத் திறந்து மூடியிருந்தது. கேள்வியை மாடலுக்குக் கொடுக்கும் வார்ப்பான டெம்ப்ளேட்டை நானே எழுதி, அந்தப் பகுதியின் முதல் சில சொற்களையும் நானே தொடங்கி வைத்தேன். மாணவர்கள், ராணுவம், ஜூன் 4 என்று கொட்டியது! விஷயம் உள்ளேதான் இருந்திருக்கிறது. பேசாதே என்று பழக்கியிருக்கிறார்கள்.

இப்போது என் நோட்டில் மறுத்தது, தெரியாதது, தமிழில் தடுமாறியது என மூன்று பத்தி.