பட்டாணியில் இடைவெளியும் கவாத்தும்: விளைச்சலைக் குறைக்கும் தவறுகள்

பட்டாணி போடுகிற பலர் உரத்துக்கும் மருந்துக்கும் கொடுக்கிற கவனத்தில் பாதியைக்கூட இடைவெளிக்குக் கொடுப்பதில்லை. பக்கத்து வயலில் போட்ட அளவையே போட்டுவிட்டு, காய்ப்பு குறைந்ததும் விதைமேல் பழி போடுகிறார்கள். உங்களுடையது குட்டை ரகமா, கொடி ரகமா? அது தெரியாமல் இடைவெளியை முடிவு செய்யவே கூடாது. குட்டை ரகத்துக்கு வரிசைக்கு வரிசை 30 செ.மீ., செடிக்குச் செடி 5 முதல் 10 செ.மீ. பொதுவாகப் போதும். கம்பியிலோ வலையிலோ ஏற்றுகிற கொடி ரகத்துக்கு வரிசை இடைவெளி 45 முதல் 60 செ.மீ. வரை வேண்டும்.

செடி அதிகமானால் காயும் அதிகமாகும் என்று நினைத்து நெருக்கி விதைப்பதுதான் நிறையப் பேர் செய்வது. கணக்குப் பாருங்கள்: கொடி ரகத்தை வரிசைக்கு 45, செடிக்கு 10 செ.மீ. என்று போட்டால் சதுர மீட்டருக்குச் சுமார் 22 செடி, அதையே குட்டை ரகம் மாதிரி 30-க்கு 5 என்று நெருக்கினால் சுமார் 67. பட்டாணி விதை பெரிது, எடை அதிகம், அதனால் விதைச் செலவு நேராக மூன்று மடங்கு ஆகிவிடும், ஆனால் ஒவ்வொரு செடியிலும் கிளையும் காயும் குறைவதால் விளைச்சல் மூன்று மடங்கு ஆகாது. அதோடு அடி இலைக்கு வெயில் படாது, பனி ஈரம் சீக்கிரம் காயாது, இலைக்கருகல் வந்தால் தெளிக்கிற மருந்தும் உள்ளே போய்ச் சேராது.

சரி, அதற்காக அகலமாக விட்டால்? ஒவ்வொரு செடியும் காய்த்துத் தொங்குவதைப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் காசு வருவது ஒரு செடியின் காயில் அல்ல, மொத்த நிலத்தின் காயில். காலி இடத்தில் களை ஏறும், களையெடுக்கிற கூலி வேறு. இலை குறைந்து பற்றுக்கம்பி (செடி பற்றிக்கொள்ளும் சுருள்) மிகுந்த ரகங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டுதான் நிற்கும், அவற்றை விலக்கி நட்டால் சாய்ந்துவிடும்.

கவாத்தில், அதாவது நுனி கிள்ளுவதிலும் இலை எடுப்பதிலும், நடக்கிற தவறு இன்னும் பெரியது. முந்திக் காய்க்கும் குட்டை ரகங்கள் பெரும்பாலும் பத்தாவது கணுவுக்குள்ளேயே பூத்துவிடும், அதில் நுனியைக் கிள்ளினால் பூக்க வேண்டிய கணுக்களையே எடுத்துவிடுகிறீர்கள். பக்கக்கிளை வரும்தான், ஆனால் பூ தள்ளிப்போகும், முதல் பறிப்புக்குக் கிடைக்கும் நல்ல விலை கைநழுவும், அப்புறம் வெயில் ஏறி 30 டிகிரியைத் தாண்டினால் பூவும் உதிரும். நுனி கிள்ளுவது கொடி ரகத்துக்குத்தான், அதுவும் செடி ஒரு சாண் உயரத்தில் இருக்கும்போது, இடைவெளி தாராளமாக இருந்தால் மட்டும். நெருக்கமாக நட்ட இடத்தில் கிளையைப் பெருக்கினால் நெரிசல்தான் கூடும்.

காற்றோட்டத்துக்கு என்று பச்சை இலையை உருவுகிறவர்களும் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். காய் இருக்கிற கணுவிலுள்ள இலைதான் அந்தக் காயை ஊட்டி வளர்க்கிறது. மஞ்சளான அடி இலையை மட்டும் எடுங்கள், அதையும் செடி ஈரமாக இருக்கும்போது தொடாதீர்கள், வெட்டுக்காயம் வழியாகப் பாக்டீரியா நோய் பரவும்.

கவாத்து லாபமா என்ற சந்தேகம் இருந்தால் நிலத்தின் நடுவில் சில வரிசைகளைக் கிள்ளாமல் விடுங்கள். ஓர வரிசை வேண்டாம், அங்கே வெளிச்சம் அதிகம் என்பதால் காய்ப்பு எப்போதும் ஏமாற்றும். கிள்ளியதையும் கிள்ளாததையும் ஒவ்வொரு பறிப்பிலும் தனித்தனியாக எடை போட்டு, அன்றைய விலையால் பெருக்கி, கிள்ளிய கூலியைக் கழித்துப் பாருங்கள்.