ஒரு காது திடீரென அடைத்தால் ‘ம்ம்ம்’ சொல்லிப் பாருங்கள்

தூங்கி எழும்போது ஒரு காது மட்டும் மந்தமாகக் கேட்டால், அழுக்குதான் என்று சொட்டு மருந்து விட்டுக் காத்திருக்காதீர்கள். வாயை மூடி ‘ம்ம்ம்’ என்று நீளமாக இழுத்துப் பாருங்கள். அடைத்த காதில் சத்தம் தூக்கலாக இருந்தால் பெரும்பாலும் குறும்பியோ (காது அழுக்கு) நடுக்காதில் நீரோதான். நல்ல காதுப் பக்கம் சத்தம் சாய்ந்தால் உள்காது நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம், அது அவசரம். ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் சில நாட்களிலேயே, அதிகபட்சம் 2 வாரங்களுக்குள் தொடங்கினால் கேட்கும் திறன் திரும்ப வாய்ப்பு அதிகம். இது வெறும் துப்புதான், சோதனை எதைக் காட்டினாலும் சரி, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய் ஆடியோகிராம் (கேட்கும் திறனை அளக்கும் பரிசோதனை) எடுத்துவிடுங்கள். தலைசுற்றலும் சேர்ந்தால் அன்றைக்கே. அப்புறம், பட்ஸ் வேண்டாம். குறும்பியை இன்னும் உள்ளேதான் தள்ளும்.