வெள்ளிக்கிழமைப் பாடம் மட்டும் ஏன் பின்தங்குகிறது? ஆறு நாள் சுழற்சி நேரசூசி போடும் முறை

கிழமையை வைத்து நேரசூசி (பாட அட்டவணை) போட்டால் இழப்பு எப்போதும் ஒரே பாடத்தின் தலையில் விழும். இல்ல விளையாட்டுப் போட்டிக் காலத்தில் கடைசி இரண்டு பாடவேளையும் மைதானத்துக்குப் போய்விடும். வெள்ளிக்கிழமைப் பூசை நீண்டால் முதலாம் பாடவேளை பாதியாகும். முஸ்லிம் பாடசாலைகளில் ஜும்ஆத் தொழுகைக்காக வெள்ளியன்று நேரத்தோடு விடவேண்டும். 2022 ஜூலை பிற்பகுதியில் இலங்கையில் எரிபொருள் தட்டுப்பாட்டால் திங்கள், செவ்வாய், வியாழன் மட்டுமே பாடசாலை நடந்தபோது புதன், வெள்ளியில் அதிகப் பாடவேளை வைத்திருந்த பாடங்கள் படுத்துவிட்டன.

இதற்கு மருந்து, கிழமைப் பெயரை எடுத்துவிட்டு நாள் 1 முதல் நாள் 6 வரை எண் போடுவது. திங்கள் நாள் 1 என்றால் வெள்ளி நாள் 5. அடுத்த திங்கள் நாள் 6, செவ்வாய் மறுபடி நாள் 1. போயா (பௌர்ணமி) விடுமுறையோ வெள்ளமோ வந்தால் எண் நகராது. பாடசாலை திறக்கும் அன்று விட்ட எண்ணிலிருந்து தொடரும். விடுமுறை இல்லாத ஆறு வாரங்களில் வெள்ளிக்கிழமைக்கு வரும் எண்கள் 5, 4, 3, 2, 1, 6. அதாவது ஒவ்வொரு நாளின் கடைசிப் பாடவேளைகளும் ஒரேயொரு தடவைதான் வெள்ளியில் மாட்டும்.

மணி அடிப்பதில் மாற்றம் இல்லை. 7:30க்குக் காலைக் கூட்டம், 7:50 முதல் 40 நிமிடப் பாடவேளை நான்கு, 10:30க்கு 20 நிமிட இடைவேளை, 10:50 முதல் மீதி நான்கு, 1:30க்கு வீடு. விடும் நேரத்தை மாற்றுவதானால் வலயக் கல்வி அலுவலகத்திடம் கேட்கவேண்டும். உள்ளே பாடங்களை இடம் மாற்றுவது பிரதி அதிபரின் மேசையில் முடியும் வேலை.

முதலில் எண்ணிக்கை. ஐந்து நாளில் 40 பாடவேளை, ஆறு நாளில் 48. ஆகவே ஒவ்வொரு பாடத்தையும் 1.2 ஆல் பெருக்கவேண்டும். 5 சரியாக 6 ஆகும். 6 என்பது 7.2, 3 என்பது 3.6. இங்கேதான் கணக்கு உதைக்கும். தரம் 10க்கு ஒரு மாதிரி: கணிதம் 7, விஞ்ஞானம் 7, தமிழ் 6, ஆங்கிலம் 6, சமயம் 4, வரலாறு 4, மூன்று தொகுதிப் பாடங்களுக்கும் (பிள்ளை தெரிவுசெய்யும் பாடங்கள்) நான்கு நான்காக 12, உடற்கல்வி 1, நூலகம் 1. மொத்தம் 48. வகுப்பாசிரியருக்கென்று தனிப் பாடவேளை மிஞ்சாது. அந்த வேலையைக் காலை 20 நிமிடத்துக்குள்தான் முடிக்கவேண்டும். இது மாதிரிதான். கையில் உள்ள சுற்றறிக்கையின் எண்ணிக்கையை வைத்து உங்கள் கணக்கைப் போடுங்கள்.

அடுத்து, அசைக்க முடியாதவற்றை முதலில் பதியுங்கள். கணிதத்தை முதலில் நிரப்பிவிட்டுத் தொகுதிப் பாடத்துக்கு இடம் தேடுவதுதான் பெரும்பாலான நேரசூசிகள் குலையும் இடம். 10 ஏ, 10 பி பிள்ளைகள் சித்திரம், சங்கீதம், நடனம் என்று பிரிந்து போவதால் இரண்டு வகுப்புக்கும் ஒரே பாடவேளை வேண்டும். நடன ஆசிரியர் ஒருவரே என்றால் தரம் 11க்கு அதே நேரம் வரக்கூடாது. இந்தக் கட்டங்களைப் பேனாவாலும் மற்றவற்றைப் பென்சிலாலும் எழுதுங்கள். நடன அறைக்குப் பக்கத்து வகுப்பில் அந்த நேரம் யாருக்குப் பாடம் என்பதையும் பாருங்கள். சதங்கைச் சத்தத்தில் கேத்திர கணிதம் ஏறாது.

பிறகு இரட்டைப் பாடவேளை. விஞ்ஞானச் செய்முறைக்குச் சுற்றுக்கு ஒரு தடவை 80 நிமிடம் தேவை. 1-2, 2-3, 3-4 அல்லது பின்பகுதியில் அதேபோல வையுங்கள். 4-5 வேண்டாம்: நடுவில் இடைவேளை வரும், ஏற்றிய சுடரை அணைத்துவிட்டுத் திரும்ப வந்தால் பத்து நிமிடம் போய்விடும். கணிதத்துக்கு ஓர் இரட்டை போதும். அமெரிக்கப் பாடசாலைகள் பலவற்றில் உள்ள 90 நிமிடத் தொகுப்பு முறை நல்லதுதான், ஆனால் ஆசிரியர் தட்டுப்பாடுள்ள இடத்தில் ஒருவர் லீவு போட்டால் ஒரேயடியாக 90 நிமிடமும் போகும்.

கச்சான் என்ற வறண்ட வெப்பக் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரையின் கீழ் ஏழாம், எட்டாம் பாடவேளையில் பிள்ளை எதையும் கேட்காது. கணிதம், விஞ்ஞானத்தில் பாதிக்கு மேலாவது இடைவேளைக்கு முன் விழட்டும்.

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பாடசாலைகளுக்கு இன்னொரு சிக்கல். குருமண்வெளி–மண்டூர் படகுப்பாதையில் வருபவர் காற்று, வெள்ளக் காலத்தில் முதலாம் பாடவேளைக்கு நிற்பார் என்று நம்பமுடியாது. மண்முனைப் பாலம் 2014இல் திறந்த பிறகு சுற்றிவரலாம், ஆனால் நேரம் பிடிக்கும். அவருக்கு இரண்டாம் பாடவேளையிலிருந்து போடுங்கள். கடைசிப் பாடவேளையையும் சேர்த்துக் கழிக்கவேண்டாம். உள்ளூர் ஆசிரியர்கள் முணுமுணுப்பார்கள், அதில் நியாயமும் உண்டு.

இரண்டு பாடசாலைக்குப் போகும் ஆசிரியர்தான் சுழற்சியின் எதிரி. செவ்வாய், வியாழன் மட்டும் வருபவருக்கு நாள் 3 எந்தக் கிழமையில் வந்தால் என்ன? அவருடைய பாடங்களுக்காக நான்காம் பாடவேளையைச் சுழற்சியிலிருந்து விலக்கிக் கிழமைப்படி விட்டுவிடுங்கள். அப்போது சுழற்சிக்கு 42தான் மிஞ்சும். கணக்கை மறுபடி போடவேண்டும்.

முஸ்லிம் பாடசாலையில் வெள்ளியன்று எட்டையும் 25 நிமிடமாகச் சுருக்குவதைவிட ஐந்து முழுப் பாடவேளை, 10 நிமிட இடைவேளை என்று வைத்து 11:20க்கு விடுவது மேல். விட்ட மூன்றும் எண்ணோடு சுழன்று எல்லாப் பாடத்துக்கும் பரவும். ஆசிரியர் கூட்டம் போன்ற நாளுக்கு 30 நிமிட மணி ஒன்றையும் தயாராக வையுங்கள்: 7:40க்குத் தொடங்கி, எட்டுப் பாடவேளை, 20 நிமிட இடைவேளை, சரியாக 12:00.

தொடங்கிய புதிதில் பிள்ளைகள் தப்பான கொப்பியோடு வருவார்கள். படலையடியில் (வாசல் கதவருகே) ஒரு கரும்பலகை வைத்து "இன்று நாள் 4, நாளை நாள் 5" என்று எழுதுங்கள். நாளை என்பது முக்கியம். பிள்ளை புத்தகப்பை அடுக்குவது இரவில். காலையில் எண்ணை மாற்றும் பொறுப்பு ஒரு மாணவத் தலைவரிடம் இருக்கட்டும், அவர் வராத நாளுக்கு இன்னொருவரும் வேண்டும்.

ஒரு ஆசிரியருக்குத் தொடர்ந்து நான்குக்கு மேல் விழுந்திருக்கிறதா, ஒரே அறைக்கு இரண்டு வகுப்பு வந்திருக்கிறதா என்று வகுப்புத் தாளில் பார்த்தால் தெரியாது. ஆசிரியருக்கு ஒரு தாள், அறைக்கு ஒரு தாள் தனியாக எழுதிப் பாருங்கள். இரண்டு முழுச் சுற்று, அதாவது 12 பாடசாலை நாள் ஓடும்வரை எதையும் லமினேட் பண்ணவேண்டாம்.